பரிவுச் சோர்வு: அக்கறையுள்ளவர்கள் செய்யும் தவறுகள்

படுத்த படுக்கையாக இருந்த அம்மாவை நான்கு வருடம் நான்தான் பார்த்துக்கொண்டேன். ஒருநாள் இரவு மூன்றாவது முறையாக எழுப்பித் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். ஆனால் டம்ளரைத் திரும்ப மேசைமேல் வைத்தபோது ‘ணங்’கென்று சத்தம் கேட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. விடியும்வரை மறுபடி தண்ணீரும் கேட்கவில்லை. பெற்ற தாயிடம் இப்படி நடந்துகொள்ளும் அளவுக்குக் கெட்டவளாகிவிட்டேனா என்று மறுநாள் முழுக்க உள்ளுக்குள் குமைந்தேன்.

நான் செய்த முதல் தவறு அதுதான்: சோர்வைக் குணக்கேடு என்று நினைத்தது. செவிலியர்களிடம் காணப்பட்ட இந்த நிலையைக் குறிக்க, செவிலியர் இதழ் ஒன்றில் எழுதிய கார்லா ஜாய்ன்சன் 1992-ல் ‘பரிவுச் சோர்வு’ என்ற பெயரைப் பயன்படுத்தினார். உளவியலாளர் சார்லஸ் ஃபிக்லி 1995-ல் அதை விரிவாக எழுதினார். அடுத்தவர் துன்பத்தை நாள்தோறும் பார்ப்பவர், கேட்பவர் மனதிலும் அதன் தடம் விழுகிறது. தூக்கம் கெடும், சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும், கடைசியில் மனம் மரத்துப்போகும். அன்பு தீர்ந்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. ‘இன்னும் பொறுமையாக இருக்க வேண்டும்’ என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு கூடுதலாக ஓடுபவர்கள் இன்னும் சீக்கிரம் விழுந்துவிடுகிறார்கள்.

நாலு நாள் லீவு போட்டால் சரியாகிவிடும் என்று நம்புவது இன்னொன்று. ஓய்வு கட்டாயம் வேண்டும். ஆனால் வேலைப்பளுவால் வரும் களைப்பு வேறு, இது வேறு. பார்த்த காட்சியும் கேட்ட அழுகையும் லீவிலும் கூடவே வரும். அதை யாரிடமாவது சொல்லி இறக்கிவைக்க வேண்டும். அப்போதும் எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள். “மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு, இப்போ கேட்க முடியுமா?” என்று முதலில் கேளுங்கள். கோரமான விவரங்களை விட்டுவிட்டு, உங்களுக்கு என்ன ஆனது என்பதை மட்டும் சொன்னால் போதும்.

நான் மிகத் தாமதமாகப் புரிந்துகொண்டது ஒன்று உண்டு. அம்மாவின் வலியை நானும் அனுபவித்தால்தான் உண்மையான அக்கறை என்று நம்பியிருந்தேன். மூளை ஆய்வாளர்கள் டானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி ஆகியோரின் ஆய்வு இதைப் பற்றியதுதான். பிறர் துன்பப்படும் காட்சிகளைப் பார்த்து அந்த வலியைத் தானும் உணரப் பழகியவர்களுக்கு மனவேதனை கூடியது. அதே ஆட்களுக்கு அப்புறம் பரிவுப் பயிற்சி, அதாவது ‘இவர் நலமாக இருக்கட்டும்’ என்று மனதார நினைக்கும் பயிற்சி, கொடுத்தபோது வேதனை குறைந்து இதமான உணர்வு திரும்பியது. மூளையில் செயல்பட்ட பகுதிகளும் வேறாக இருந்தன. இதைப் படித்த பிறகு, அம்மா முனகும்போது நெஞ்சு இறுகினால், பாதம் தரையில் படுவதைக் கவனித்து மூச்சை மெதுவாக வெளியே விடுவேன். பிறகு ஒரே கேள்வி: இப்போது இவருக்கு என்ன வேண்டும்? பெரும்பாலும் தலையணையை இரண்டு விரற்கடை உயர்த்தினாலே போதும். வலி அவருடையது, கை என்னுடையது என்று பிரித்துப் பார்த்தபோது அவர் பக்கத்தில் கூடுதல் நேரம் உட்கார முடிந்தது.

தூக்கத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டு செல்பேசியிலோ மதுவிலோ மூழ்குவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மறுநாள் காலையே தெரிந்துவிடும். ஆனால் வாரக்கணக்கில் தூக்கமில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். உங்களையோ நீங்கள் கவனித்துக்கொள்பவரையோ காயப்படுத்தும் எண்ணம் வந்தால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொரு தவறு, ‘நான் செய்தால்தான் சரியாக இருக்கும்’ என்பது. உதவிக்கு வரட்டுமா என்று கேட்டவர்களிடம் “பரவாயில்லை, நானே பார்த்துக்கிறேன்” என்றுதான் பல மாதம் சொல்லிவந்தேன். அதன்பிறகு ஒருநாள் சித்தியிடம் நாளையும் நேரத்தையும் குறிப்பிட்டே கேட்டேன்: “செவ்வாய்க்கிழமை சாயங்காலம் 5 மணியிலிருந்து 7 மணி வரைக்கும் அம்மாகூட இருக்க முடியுமா சித்தி?” உடனே ஒத்துக்கொண்டார். நான் பக்கத்து அறையில் படுத்துத் தூங்கிவிட்டேன். எழுந்து வந்து பார்த்தால், தலையணை நான் வைக்கும் விதத்தில் இல்லை. அம்மா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.