தனித்தனி டிரைவ்களில் விண்டோஸும் உபுண்டுவும்

விண்டோஸ் இயங்கும் கணினியில் இரண்டாவது எஸ்எஸ்டியை (தரவைச் சேமிக்கும் டிரைவ்) பொருத்தி அதில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவுவது, ஒரே டிரைவைப் பிரித்து இரண்டையும் வைப்பதைவிடப் பாதுகாப்பானது.

முதலில் முக்கியக் கோப்புகளை வெளி டிரைவில் நகலெடுத்து, டிரைவை மறையாக்கம் செய்யும் பிட்லாக்கர் இயங்கினால் அதன் மீட்புக் குறியீட்டைத் தாளில் குறித்துக்கொண்டு, விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை அணைத்துவிடுங்கள். அது இயங்கும்வரை விண்டோஸ் முழுமையாக மூடப்படுவதில்லை என்பதால், உபுண்டுவிலிருந்து விண்டோஸ் டிரைவில் எழுதினால் தரவு சிதையக்கூடும்.

அடுத்து, கணினியை அணைத்து மின் இணைப்பையும் துண்டித்தபின், புதிய எஸ்எஸ்டியைப் பொருத்தி, விண்டோஸ் உள்ள டிரைவைக் கழற்றிவிடுங்கள். இப்படிக் கழற்றுவதைத் தேவையற்ற வேலை என்று பலர் தவிர்க்கிறார்கள். என்னைக் கேட்டால், மொத்த வேலையிலும் இதுவே முதன்மையானது. நீங்கள் இரண்டாவது டிரைவைத் தேர்ந்தெடுத்திருந்தாலும், உபுண்டுவின் நிறுவி தன் பூட்லோடரை (இயங்குதளத்தைத் தொடக்கிவைக்கும் நிரல்) முதல் டிரைவின் இஎஃப்ஐ பகிர்வில் (அத்தகைய நிரல்களுக்கான பகுதி) எழுதிவிடுவதுண்டு. அப்படி நேர்ந்தால், பின்னாளில் முதல் டிரைவைக் கழற்றும்போது உபுண்டுவும் எழாது.

பின்னர் உபுண்டுவின் நிறுவி உள்ள யுஎஸ்பியை யுஇஎஃப்ஐ முறையில் (இன்றைய கணினிகளின் தொடக்க முறை) பூட் செய்து உபுண்டுவை நிறுவி, கணினியை அணைத்து, விண்டோஸ் டிரைவை மீண்டும் இணைத்து, எது முதலில் எழ வேண்டும் என்பதைப் பயாஸ் (கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்பில் குறிப்பிடுங்கள். மற்றது தேவைப்படும்போது, பல கணினிகளில் எஃப்12 அல்லது எஃப்11 விசையை அழுத்தினால் வரும் பூட் மெனுவில் தேர்ந்தெடுக்கலாம்.

இதன்பின் விண்டோஸின் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருந்தால், வன்பொருள் கடிகாரத்தில் (கணினிக்குள்ளேயே ஓடும், இரண்டு இயங்குதளங்களுக்கும் பொதுவான கடிகாரம்) உள்ளூர் நேரத்தையே வைக்கும்படி உபுண்டுவில் மாற்றிவிடுங்கள்.