இலையுதிர் காலத்தில் தனியாளாகப் படகு ஓட்டப் போகிறீர்களா?

இங்கிலாந்துக் கால்வாய்களில் அக்டோபர் கடைசியில் படகு ஓட்டினால் பெரிய தொல்லை உதிர்ந்த இலைகள்தான். ஊறிய இலைகள் புரொப்பல்லரில் கொத்தாகச் சுற்றிக்கொள்ளும்; எஞ்சின் உறுமும், படகு நகராது. நியூட்ரலுக்கு வந்து, ஓரிரு நொடி ரிவர்ஸ் கொடுங்கள். பெரும்பாலும் உதறிவிடும். கயிறோ துணியோ சிக்கியிருந்தால், எஞ்சினை அணைத்துச் சாவியைப் பையில் போட்ட பிறகே புரொப்பல்லருக்குள் கையை விடுங்கள்.

அப்புறம், படகின் நடுவில் கட்டியிருக்கும் கயிற்றைச் சுக்கான் வரை இழுத்து வையுங்கள். அதைப் பிடித்துக்கொண்டே கரையில் இறங்க வேண்டும். படகு மிதந்து போனால் எட்டிப் பிடிக்க உள்ளே ஆள் இல்லையே! கரைக்குக் குதிக்காதீர்கள், ஈர இலை வழுக்கும். அக்டோபரின் கடைசி ஞாயிறன்று அங்கே கோடைகால நேரம் முடிந்து, கடிகாரம் 1 மணி நேரம் பின்னே போகும். அதற்குப் பிறகு சீக்கிரமே இருட்டிவிடும், 3:30க்கே படகைக் கட்டிவிடுங்கள்.