உற்பத்தி நின்றுபோன கோல்ஃப் அயர்ன்களைக் காப்பாற்றி ஆடுவது எப்படி?

கைக்கு இசைந்துவிட்ட அயர்ன்களின், அதாவது உலோகத் தலை கொண்ட கோல்ஃப் மட்டைகளின், தயாரிப்பை நிறுவனம் நிறுத்திவிட்டது என்பது அவற்றைக் கைவிடுவதற்குப் போதிய காரணம் ஆகாது. பிங் நிறுவனம் 1982இல் வெளியிட்ட ஐ 2 அயர்ன்களை இன்றும் விரும்பி ஆடுவோர் உண்டு. முறையாகப் பராமரித்தால் மட்டைத் தலை எளிதில் கெடுவதில்லை.

நண்பரின் புதிய 7ஆம் எண் மட்டை அதிக தூரம் அடிக்கிறது என்று முதலில் மனம் சலிக்க வேண்டாம். பழைய 7ஆம் எண்ணின் லாஃப்ட் (முகப்பு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்; இது குறைந்தால் தூரம் கூடும்) பெரும்பாலும் 34, 35 பாகையாக இருக்கும். இன்றைய மட்டைகள் பலவற்றில் அது 30 பாகைக்கும் கீழே இறங்கிவிட்டது. ஆகவே மட்டையில் பொறித்த எண்ணை விட்டுவிட்டு லாஃப்ட்டை ஒப்பிடுங்கள். தூரத்தை அளப்பதற்குச் கோவை செட்டிபாளையம் கோல்ஃப் மைதானத்தில் காற்றில்லாத காலைப்பொழுதே ஏற்றது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எந்த அளவையும் குழப்பிவிடும். ஊட்டியில் கிடைத்த தூரத்தையும் கணக்கில் சேர்க்கக் கூடாது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் பந்து கூடுதலாகவே பறக்கும்.

அடுத்ததாக, மட்டைகள் நல்ல நிலையில் இருக்கும்போதே ஒவ்வொன்றின் நீளம், லாஃப்ட், லை கோணம் (தரையில் வைக்கும்போது தண்டு தரையோடு அமையும் கோணம்), ஸ்விங் வெயிட் (வீசும்போது தலைப்பக்கம் உணரும் கனம்), ஷாஃப்ட் எனும் தண்டின் பெயரும் விறைப்பும், கைப்பிடியான கிரிப்பின் அடியில் எத்தனை சுற்று டேப் என்பதுவரை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையைத்தான் பலரும் தள்ளிப்போடுகிறார்கள். ஷாஃப்ட் ஒடிந்த பிறகு மூல அளவைத் தேடுவது பெரும்பாடு. ஷாஃப்ட் செருகப்படும் ஹோசல் எனும் தலைக்குழலின் உள்விட்டம் 0.355 அங்குலமா, 0.370 அங்குலமா என்று தெரியாமல் மாற்று ஷாஃப்ட் வாங்கவே முடியாது.

மென்கார்பன் எஃகில் அடித்துச் செய்த மட்டைகளின் கோணம், சித்திரை வெயிலில் இறுகிய தரையில் திரும்பத் திரும்ப மோதும்போது சிறிது சிறிதாக விலகக்கூடும்; ஆண்டுக்கு ஒரு முறை சரிபார்த்து வளைத்துக்கொள்ளலாம். வார்ப்பில் செய்த 17-4 துருவேறா எஃகு அப்படி எளிதில் வளைந்து கொடுக்காது. எந்த இரும்பு வேலையையும் முடித்துத் தரும் லேத் பட்டறைகள் கோவையில் தெருவுக்குத் தெரு இருந்தாலும், இதை மட்டும் அதற்குரிய வளைப்புக் கருவி வைத்திருப்பவரிடமே கொடுங்கள்; சாதாரண வைஸில் இறுக்கி வளைத்தால் ஹோசல் விரிசல் விடக்கூடும். முகப்பின் பள்ளங்களைக் கூராக்கும் சிறு கருவியையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பள்ளம் அகன்றால் மட்டை விதிக்குப் புறம்பாகிவிடும். பல் துலக்கும் பழைய பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போதும். ஆடி முடித்ததும் ஈரம் போகத் துடைப்பது கட்டாயம். குரோம் தேய்ந்த இடத்தில் துரு விரைவாகப் பிடிக்கும். வெயிலில் நிற்கும் கார் டிக்கியிலேயே பையைப் போட்டு வைத்தால் கிரிப் ரப்பர் இறுகி வழுக்கத் தொடங்கும்.

இவ்வளவு செய்தாலும், அதே மாடலில் இன்னொரு செட் கிடைத்தால் தயங்காமல் வாங்கிவிடுங்கள். கிரிப் கிழிந்திருந்தால் பரவாயில்லை, அதை மாற்றிக்கொள்ளலாம். ஹோசலின் கழுத்தையும் முகப்பின் நடுப்பகுதியையும் விரிசலோ தேய்மானமோ உண்டா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பிங் என்றால், தலையின் பின்புறமுள்ள வண்ணப் புள்ளி லை கோணத்தைக் குறிப்பதால், அது உங்கள் செட்டின் நிறத்தோடு ஒத்திருக்க வேண்டும். அதிகம் பயன்படும் 8, 9ஆம் எண்களும் குறைந்த தூரத்துக்கான பிட்ச்சிங் வெட்ஜ் மட்டையும் முதலில் தேயும் என்பதால், உதிரிச் செட்டில் அந்த மூன்றும் தேயாமல் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே விலை பேசுங்கள்.