இரட்டைக் குழி கழிப்பறை: புது மேஸ்திரிகள் செய்யும் தவறுகள்

வேலூர் மாவட்டத்தில் குடியாத்தம், அணைக்கட்டு பக்கத்து ஊர்களில் புதிதாக வேலைக்கு வருபவர்களைப் பார்க்கிறேன். நாங்கள் ஆரம்பத்தில் அடித்த அதே கூத்துதான். கிணற்றை ஒட்டிக் குழி வெட்டாதே என்பதெல்லாம் தெரிந்த விஷயம், விட்டுவிடுகிறேன்.

இரண்டு குழியையும் சேர்த்துத் திறந்துவிடுவது

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். கழிப்பறைத் தண்ணீர் முதலில் வந்து சேரும் சின்னத் தொட்டிதான் சேம்பர். அங்கிருந்து வாய்க்கால், குழிக்கு ஒன்றாக, இரண்டாகப் பிரியும். ஒன்றைச் செங்கல் வைத்து மண்சாந்தால் அடைத்தே தீர வேண்டும். ஒரு குழி நிரம்பச் சில வருடம் ஆகும். அப்புறம் அதை அடைத்து மற்றதைத் திறக்கலாம். நிரம்பிய குழி இரண்டு வருடம் சும்மா கிடந்தால் உள்ளே இருப்பது மக்கி எருவாகிவிடும், மண்வெட்டியால் அள்ளலாம். சும்மா கிடப்பதுதான் அதற்கு வேலை.

ஒடுகத்தூர் பக்கம் ஒரு அம்மா கேட்டார்: "ரெண்டு குழிக்கும் காசு போட்டிருக்கேன், ஒண்ணு ஏன் மேஸ்திரி சும்மா கிடக்கணும்?" மேஸ்திரியும் சரி என்று அடைப்பை எடுத்துவிட்டார். இரண்டும் ஒன்றாக நிரம்பின. மாற்றிவிட இடமில்லை, உள்ளே இருப்பதோ பச்சை மலம். மலக்கழிவை உறிஞ்சும் லாரி அந்தச் சந்தில் நுழையாது. ஆளை இறக்கலாமா என்று என்னிடமே கேட்டார்கள்! மலத்தை மனிதர் கையால் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டப்படி அது குற்றம். தவிர, குழிவாயு ஆளைக் கொன்றுவிடும். கடைசியில் கைக்காசு போட்டு மூன்றாவது குழி வெட்டினார்கள். எல்லாம் ஒரு செங்கல்லால் வந்த வினை. எந்தக் குழியை எந்த மாதம் திறந்தோம் என்று சேம்பர் மூடியில் பெயிண்டால் எழுதிவிடுங்கள்.

அடியில் கான்கிரீட்

கூடாது. பூசிவிட்டால் தண்ணீர் மண்ணில் இறங்காது, அது தொட்டி. சுவரை ஓட்டை விட்டுக் கட்டுங்கள், அடி மண்ணாகவே இருக்கட்டும்.

ஆழத்தில் பெருமை

குழியின் அடிக்கும் மழைக்கால நீர்மட்டத்துக்கும் 2 மீட்டராவது இடைவெளி வேண்டும். பாலாற்றங்கரை ஊர்களில் கோடையில் அளந்து ஏமாறுகிறார்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் எப்படி ஓடியது என்பதை நினைத்துக்கொண்டு வெட்டுங்கள். மலையடிவாரத்தில் பாறை தட்டினால் ஆழத்தை விட்டு அகலத்தைக் கூட்டலாம்.

காற்றுக் குழாய்

இந்தக் குழிக்குத் தேவையில்லை. வாயுவை மண்ணே இழுத்துக்கொள்ளும்.

குளியல், பாத்திரத் தண்ணீர்

மலக்குழிக்குள் விடாதீர்கள். அதற்குத் தனி உறிஞ்சுகுழி, முன்னால் ஒரு சின்ன வண்டல் தொட்டி. தொட்டி இல்லாவிட்டால் எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் உறிஞ்சுகுழியில் போட்ட ஜல்லியை அடைத்துவிடும். தொட்டி கட்டினாலும் அவ்வப்போது வழித்துப் போட வேண்டும். அந்த வேலை யாருடையது என்று வீட்டுக்காரரிடம் அன்றைக்கே பேசிவிடுங்கள்.