திரைப்படப் பள்ளி முடிவு எப்போது வரும்?

அமெரிக்கத் திரைப்படப் பள்ளிகளின் முதுநிலைப் படிப்புகளுக்கு நவம்பர், டிசம்பர் மாதங்களில் விண்ணப்பித்தவர்களுக்குப் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை நேர்காணல் அழைப்பும், மார்ச், ஏப்ரலில் இறுதி முடிவும் வரும். ஒரே பள்ளியிலும் இயக்கம், திரைக்கதை, தயாரிப்பு ஆகிய பிரிவுகளை வெவ்வேறு ஆசிரியர் குழுக்கள் பரிசீலிக்கக்கூடும் என்பதால், நண்பருக்குக் கடிதம் வந்துவிட்டதை வைத்து நம் முடிவை ஊகிப்பது வீண் வேலை. காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர்களுக்கோ, இடம் கிடைத்தவர் யாரேனும் விலகும் வரை எதுவும் நகராது. உதவித்தொகையுடன் கூடிய இடங்களை ஏற்கப் பல பல்கலைக்கழகங்கள் ஏப்ரல் 15 வரை அவகாசம் தருவதால், அந்த நகர்வும் அத்தேதியை ஒட்டியே பெரும்பாலும் நிகழ்கிறது. அதுவரை மின்னஞ்சலின் ஸ்பேம் பெட்டியையும் தினமும் ஒருமுறை திறந்து பாருங்கள். நேர்காணல் அழைப்பு சில வேளைகளில் அங்கேதான் கிடக்கும்.