ஏர் எடுத்தும் பிரேக் மிதி இறங்குகிறதா? பழைய வண்டிக்காரர்கள் செய்யும் தவறுகள்

மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதலிடம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் மொத்தம் 36 கொண்டை ஊசி வளைவுகள். அதில் ஒன்றின் தலைமாட்டில், கீழிருந்து வந்த லாரிக்காக என் பழைய ஜீப்பை நிறுத்திக் காத்திருந்தேன். கால் மிதியில்தான் இருந்தது. அழுத்தத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஆனாலும் மிதி என் காலடியில் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனது. வண்டி முன்னால் நகரத் தொடங்கியதும் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்தேன். முதல் நாள்தான் பட்டறையில் நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்திருந்தார்கள், அதாவது பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றியிருந்தார்கள்.

மிதி சரியில்லை என்றதும் ஏர் எடுக்கச் சொல்வதுதான் முதல் தவறு. கால் சொல்வதைக் கேட்காமல் ஸ்பேனரை எடுக்கக் கூடாது. மிதி பஞ்சு மாதிரி அமுங்கி, அடுத்தடுத்து மிதிக்க மிதிக்கக் கொஞ்சம் கெட்டியானால் குழாயில் காற்று இருக்கிறது. முதல் மிதிக்கு ஆழமாகப் போய், இரண்டாவது மிதிக்கே உயரத்தில் கெட்டியாக நின்றால், பெரும்பாலும் பின் சக்கர டிரம்மில் உரசி நிறுத்தும் பிரேக் ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருக்கும். அதற்கு ஷூவை அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். எத்தனை முறை ஏர் எடுத்தாலும் தீராது. மூன்றாவது வகை என் ஜீப்பில் வந்தது: ஒரே அழுத்தத்தில் பிடித்திருக்கும்போதே இறங்குவது. அப்படியென்றால் பிரேக் ஆயில் எங்கோ நழுவுகிறது. ஒன்று வெளியே ஒழுகும், இல்லை மிதியின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே ரப்பர் வாஷரைத் தாண்டித் திரும்பிவிடும்.

இதைச் சோதிக்கச் சமதளம் போதும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, இன்ஜினை அணைத்து, மிதிக்குப் பலம் கூட்டும் பூஸ்டரில் மிச்சமுள்ள வேக்குவம் தீர நான்கைந்து முறை மிதியுங்கள். பிறகு லேசாக மிதித்தபடி ஒரு நிமிடம் பிடியுங்கள். பலர் முழு பலத்தோடு ஒரு உதை உதைத்துவிட்டு ‘நல்லாத்தானே நிக்குது’ என்கிறார்கள். பலமாக அழுத்தும்போது தேய்ந்த வாஷர்கூட விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். லேசான அழுத்தத்தில்தான் குட்டு வெளிப்படும். பூஸ்டர் உள்ள வண்டியில், மிதித்தபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் மிதி சற்று இறங்கி நிற்கும். அது பூஸ்டர் வேலை செய்வதன் அடையாளம். அதைக் கோளாறு என்று நினைத்து நல்ல மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றிப் போட்டவர்களும் உண்டு.

ஆயில் குறையக் குறைய ஊற்றிக்கொண்டே ஓட்டுவது அடுத்த தவறு. ‘எங்கேயும் ஒழுகலையே’ என்பார்கள். தரையில் சொட்டினால்தான் ஒழுகல் என்றில்லை. பின் சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். டிரம்மைக் கழற்றி, ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையை நகத்தால் மெல்ல விலக்கினால் உள்ளே தேங்கிய ஆயில் வழியும். அங்கேயும் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே கசியும் ஆயில் பூஸ்டருக்குள் போய்விடும், வெளியே தெரியவே தெரியாது. ஆயிலில் ஊறிய ஷூவை உப்புத்தாளில் தேய்த்து மறுபடி மாட்டாதீர்கள், மாற்றுங்கள்.

ஏர் எடுக்கும் முறையிலேயே ஒரு தவறு இருக்கிறது. என் ஜீப்பைக் கெடுத்தது அதுதான். ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதியைத் தரை தொடும்வரை உதைப்பார், மற்றவர் கீழே காற்று வெளியேறும் நிப்பிளைத் திறப்பார். பழைய மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் தினமும் பாதி தூரம்தான் போய் வந்திருக்கும். அதைத் தாண்டிய பகுதியில் அழுக்கும் துருவும் படிந்திருக்கும். மிதி தரைக்குப் போகும்போது வாஷரின் விளிம்பு அந்தத் துருவில் உரசிக் கிழிகிறது. எங்கள் சிலிண்டரைத் திறந்தபோது விளிம்பில் நகக்குறி போல ஒரு வெட்டு, சிலிண்டர் சுவரில் விரல் நுனிக்குத் தட்டுப்படும் குழிகள். மிதிக்குக் கீழே ஒரு மரக்கட்டை வைத்திருந்தால் போதும். குழி விழுந்த சிலிண்டருக்கு ரப்பர் கிட் மட்டும் போட்டுக் காசை மிச்சம் பிடிக்கலாமென்று நானும் ஆசைப்பட்டேன். அந்தக் குழி புது வாஷரையும் தின்றுவிடும் என்பதால் முழு சிலிண்டரையே மாற்றினோம்.

டிஸ்க் உள்ள வண்டியில், பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரை இடம் வலம் மாற்றிப் பூட்டிவிட்டால் நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துவிடும். காற்று மேலே நிற்கும். பாட்டில் பாட்டிலாக ஆயில் ஊற்றினாலும் போகாது.

சமவெளிக்காரர்களுக்குப் பிடிபடாத கோளாறு ஒன்று உண்டு. குன்னூரிலிருந்து இறங்கும்போது பர்லியார் தாண்டியதும் மிதி மெத்தென்று போகும். மறுநாள் காலை மேட்டுப்பாளையம் பட்டறையில் மிதித்தால் கல் மாதிரி நிற்கும். ஆறிய வண்டியைச் சோதித்துவிட்டு ‘ஒண்ணுமில்லை’ என்று அனுப்புவது பெரிய தவறு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 தர ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியதும் அது 140 வரை இறங்கலாம். டாட் 4-க்கு இதே கணக்கு 230, 155. தொடர்ந்து பிரேக்கிலேயே இறங்கினால் அந்தச் சூட்டில் ஆயில் கொதித்து ஆவிக் குமிழாகிறது. ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதி கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் அது வேறு, ஷூவும் பேடும் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கின்றன. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை முழுவதும் மாற்றுங்கள். எங்கள் மூடுபனி ஊரில், திறந்து பல மாதம் கிடந்த பாட்டிலை நம்பவே கூடாது. அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை ஊற்றினால் ரப்பரெல்லாம் ஊதிப் போகும்.

இறக்கத்தில் மிதி விழுந்துவிட்டால் வேகமாகத் திரும்பத் திரும்ப மிதியுங்கள், கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக்கை விட்டு விட்டு இழுங்கள், மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்துங்கள். அரை மணி நேரத்தில் மிதி மறுபடி கெட்டியாகலாம். அதை நம்பி மீதி வளைவுகளை இறங்க வேண்டாம். சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு மெக்கானிக்கை அங்கேயே வரவழையுங்கள். பிரேக் இல்லாத வண்டியைக் கயிறு கட்டி இறக்கவும் கூடாது. முன்னால் போகிற வண்டியின் மேலேயே போய் ஏறும்.