லெக்சர் எழுதுகிறீர்களா? டோக்கன் எங்கே முடிகிறது என்பதைக் கவனியுங்கள்

நிரலின் இலக்கண அமைப்பைப் பிரித்தறியும் பார்சர் நம் நிரலை எழுத்தெழுத்தாகப் படிப்பதில்லை. அதற்கு முன்னால் லெக்சர் நின்று, மூல உரையை எண், பெயர், கீவேர்டு (மொழியே தனக்கென ஒதுக்கிய சொல்), ஆபரேட்டர், சரம் (மேற்கோளுக்குள் வரும் உரை) என்று டோக்கன்களாக நறுக்கித் தருகிறது. 200, 300 வரிகளில் எழுதி முடித்துவிடலாம் என்பதாலேயே அவசரமாக எழுதப்படும் பகுதியும் இதுதான். இங்கே விட்ட பிழை இங்கே தெரியாது. நாலு வரி தள்ளிப் பார்சர் ‘எதிர்பாராத பெயர்’ என்று புலம்பும். எழுதியவரும் பார்சருக்குள்ளேயே பிழையைத் தேடிக்கொண்டிருப்பார்.

டோக்கன் எங்கே தொடங்குகிறது என்பதில் யாரும் அதிகம் தடுமாறுவதில்லை. முதல் எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். எங்கே முடிகிறது என்பதில்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

நீளமானதே வெல்லும், ரெஜெக்ஸில் அப்படியில்லை

1975இல் பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க்கும் எரிக் ஷ்மிட்டும் எழுதிய, விதிகளிலிருந்து லெக்சரை உருவாக்கித் தரும் ‘லெக்ஸ்’ கருவியும், பின்னால் வந்த ‘ஃப்ளெக்ஸ்’ கருவியும் இரண்டே விதிகளின்படி முடிவெடுக்கின்றன. பல விதிகள் பொருந்தினால் அதிக நீளம் பொருந்தியது வெல்லும். நீளம் சமமானால் கோப்பில் மேலே எழுதிய விதி வெல்லும். ஆகவே ஃப்ளெக்ஸில் கீவேர்டு விதிகளைப் பெயர் விதிக்கு மேலே வையுங்கள். கீழே வைத்தால் எல்லாக் கீவேர்டுகளும் வெறும் பெயர்களாகவே வெளியே வரும்.

இதே பழக்கத்தோடு பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் ரெஜெக்ஸுக்கு (உரையில் வடிவங்களைத் தேடும் குறிமுறைக்கு) வருபவர்கள் இடறுவார்கள். அங்கே `>|>=` என்று எழுதினால் நீளம் கணக்கில்லை, முதலில் பொருந்தியதே எடுக்கப்படும். `விலை >= 10` என்ற வரியில் `>` தனியாகவும் `=` தனியாகவும் கழன்று விழும். நீளமான ஆபரேட்டர்களை முதலில் எழுதுங்கள். `>>=`, அடுத்து `>>`, `>=`, கடைசியில் `>`. பட்டியலை நீள வாரியாக நிரலே வரிசைப்படுத்தும்படி விட்டால் நாளை யாராவது புது ஆபரேட்டர் சேர்த்தாலும் கெடாது.

நீளமானதை எடுப்பது எப்போதும் மனிதர் நினைத்ததைத் தராது என்பதும் உண்மை. சி மொழியில் `அ+++++ஆ` என்பதை நாம் `அ++ + ++ஆ` என்று படிக்கலாம். லெக்சர் `அ ++ ++ + ஆ` என்றுதான் நறுக்கும், கம்பைலரும் மறுக்கும். அது லெக்சரின் பிழையல்ல. அதைத் ‘திருத்த’ இறங்காதீர்கள். சி++ மொழியில் டெம்ப்ளேட்டுக்குள் டெம்ப்ளேட் எழுதும்போது கடைசி இரண்டு `>` குறிகளுக்கு நடுவே இடைவெளி விடவேண்டிய தொல்லையும் இதே விதியால் வந்ததுதான். 2011ஆம் ஆண்டுத் தரத்தில்தான் அது தீர்ந்தது.

‘முடி’யும் ‘முடிவு’ம்

தமிழ்ச் சொற்களால் எழுதும் எழில் நிரல்மொழியில் `முடி` ஒரு கீவேர்டு. யாராவது ஒரு மாறிக்கு `முடிவு` என்று பெயர் வைத்தால், கீவேர்டுகளை முதலில் ஒப்பிடும் அவசர லெக்சர் `முடி`, `வு` என்று இரண்டாக வெட்டிவிடும். இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து, கீவேர்டின் கடைசியில் ‘சொல் எல்லை’ குறியைச் சேர்ப்பது. ஆங்கிலச் சொற்களுக்கு அது வேலை செய்யும். தமிழுக்குப் பைத்தானின் உள்ளமைந்த ரெஜெக்ஸ் தொகுப்பில் அது தலைகீழாக வேலை செய்யும்.

காரணம் இதுதான். அந்தத் தொகுப்பு எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றையே சொல்லின் பகுதியாகக் கொள்கிறது. நம் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் யூனிகோடில் ‘எழுத்து’ வகையில் இல்லை, ‘சேர்குறி’ வகையில் இருக்கின்றன. ஆகவே `முடிவு` என்பதில் ‘ி’ சொல்லுக்கு வெளியே, ‘வ’ உள்ளே. நடுவில் எல்லை இருப்பதாகக் கணக்காகி, வெட்டக் கூடாத இடத்தில் வெட்டும். தனியாக நிற்கும் `முடி`க்குப் பின்னால் இடைவெளி வந்தால், ‘ி’யும் வெளியே, இடைவெளியும் வெளியே. எல்லையே இல்லை என்று சொல்லி உண்மையான கீவேர்டைத் தவறவிடும்.

தீர்வு பழையது, எளியது. கீவேர்டைத் தனியாகப் பொருத்தவே வேண்டாம். முதலில் முழுப் பெயரையும் படித்து முடியுங்கள், பிறகு அந்தப் பெயர் கீவேர்டு அட்டவணையில் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் எங்கே முடிகிறது என்பதை யூனிகோடின் ‘பெயரைத் தொடரலாம்’ என்ற பண்பை வைத்துத் தீர்மானியுங்கள்; அதில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் உண்டு. ‘எழுத்தா?’ என்று ஒவ்வொன்றாகக் கேட்கும் இஸ்ஆல்பா போன்ற சார்புகள் ‘பெயர்’ என்ற சொல்லுக்கே ‘இல்லை’ என்றுதான் பதில் சொல்லும்.

திரையில் ஒன்றாகத் தெரியும் பெயர்கள் உள்ளே வேறாக இருப்பது அடுத்த தொல்லை. ‘கொ’வை க, ொ என்று இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம்; க, ெ, ா என்று மூன்றாகவும் எழுதலாம். பெயரைப் படித்ததும் யூனிகோட் இயல்பாக்கம் செய்தால் இரண்டும் ஒன்றாகும். கீவேர்டு அட்டவணையும் அதே வடிவில் இருக்க வேண்டும். சரங்களின் உள்ளடக்கத்தை மட்டும் தொடாதீர்கள், அது பயனர் தரவு. ‘கௌ’ என்பதற்குப் பதில் ‘ள’கரத்தைப் போட்டு ‘கெள’ என்று தட்டச்சு செய்தவரை எந்த இயல்பாக்கமும் காப்பாற்றாது. அவை உண்மையிலேயே வேறு எழுத்துகள்.

சி மொழியில் எழுதுபவர்களுக்கு இன்னொரு குழி. யூனிகோட் எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துகளின் முதல் பைட் எப்போதும் 224. குறியுள்ள சார் (signed char) வகையில் அது -32 ஆகிவிடும். அதை அப்படியே எழுத்து சோதிக்கும் சார்புகளுக்குக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று மொழித் தரமே உறுதி சொல்லவில்லை. குறியற்ற வகைக்கு மாற்றிக் கொடுங்கள்.

எண்கள்

கழித்தல் குறியை எண்ணோடு ஒட்டாதீர்கள். ஒட்டினால் `5 - 3` வேலை செய்யும், `5-3` மட்டும் 5, -3 என்று இரண்டு எண்களாகிப் பார்சரில் உடையும். குறி தனி டோக்கனாக இருக்கட்டும், எதிர்ம எண்ணைப் பார்சர் பார்த்துக்கொள்ளும். வீச்சுக்கு `1..10` என்று எழுதும் மொழிகளில், புள்ளியைக் கண்டதும் தசம எண் என்று விழுங்கினால் `1.` என்றும் `.10` என்றும் பிரியும். புள்ளிக்கு அடுத்த எழுத்தையும் எட்டிப் பார்த்து, அது இன்னொரு புள்ளியானால் எண்ணை 1 உடனேயே முடியுங்கள்.

பைத்தானில் இஸ்டிஜிட் சார்பு `²` என்பதையும் இலக்கம் என்கிறது. எண்ணாக மாற்றப் போனால் பிழை வரும். இஸ்டெசிமல் பயன்படுத்துங்கள். அது ௦ முதல் ௯ வரை ஏற்கும். ௰, ௱, ௲ ஆகியவற்றை ஏற்காது, அதுவே சரி.

சரமும் கமெண்ட்டும்

சரத்துக்கு `".*"` என்று எழுதினால் `பதிப்பி "அ", "ஆ"` என்ற வரியில் முதல் மேற்கோளிலிருந்து கடைசி மேற்கோள் வரை ஒரே சரமாகிவிடும். ‘மேற்கோளுக்கு முன் பின்சாய்கோடு இருந்தால் முடியவில்லை’ என்ற சோதனையும் போதாது. `"\\"` என்பதில் கடைசி மேற்கோளுக்கு முன் பின்சாய்கோடு இருந்தும் சரம் முடிந்துவிட்டது. `"([^"\\]|\\.)*"` என்பது சரியான வடிவம், பல வரிச் சரம் வேண்டாமென்றால் விலக்கும் பட்டியலில் புதுவரியையும் சேர்க்கவும். ஃப்ளெக்ஸில் முதல், கடைசி மேற்கோள் குறிகளுக்கு முன்னும் பின்சாய்கோடு தேவை.

கமெண்ட்டுகளை முன்கூட்டியே ஒரு ரெஜெக்ஸால் துடைத்துவிடும் யோசனை பலருக்கு வரும். சரத்துக்குள் இணைய முகவரி இருந்தால் அதன் `//` முதல் மீதி முழுவதும் போய்விடும். சரத்தையும் கமெண்ட்டையும் ஒரே ஓட்டத்தில்தான் பிரிக்க முடியும். `**/` என்று முடியும் கமெண்ட்டையும் சோதியுங்கள். `*` கண்டு, அடுத்ததைப் படித்து, அது `/` இல்லையென்று அதையும் தூக்கியெறியும் நிரல் இரண்டாவது `*`ஐத் தொலைத்துவிட்டுக் கோப்பின் கடைசி வரை ஓடும். முடியாத சரமோ கமெண்ட்டோ இருந்தால் பிழைச் செய்தியில் அது தொடங்கிய வரியைச் சொல்லுங்கள். கோப்பின் கடைசி வரி எண்ணால் யாருக்கும் பயனில்லை.

வரி எண், தெரியாத எழுத்து, கோப்பின் முடிவு

பல வரிக் கமெண்ட்டுக்குள் வரும் புதுவரிகளை எண்ண மறந்தால், அதற்குப் பிறகு எல்லாப் பிழைச் செய்திகளும் தவறான வரியைக் காட்டும். டோக்கனில் பைட் இடத்தை மட்டும் வைத்துக்கொண்டு, வரித் தொடக்கங்களின் பட்டியலில் இருபாகத் தேடலால் வரி எண்ணைக் கண்டுபிடிப்பது பாதுகாப்பானது. பத்தி எண்ணுக்கு (வரிக்குள் எத்தனையாவது இடம் என்பதற்கு) எதை எண்ணுகிறீர்கள் என்பதை முதலிலேயே முடிவுசெய்யுங்கள். ‘பெயர்’ யுடிஎஃப்-8இல் 15 பைட், 5 குறியெண், கண்ணுக்கு 3 எழுத்து.

பைத்தானில், பொருத்தங்களை ஒவ்வொன்றாகத் தேடித் தரும் ஃபைண்ட்இட்டர் கொண்டு எழுதிய லெக்சர், எதற்கும் பொருந்தாத எழுத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப்போகும். எல்லா விதிகளுக்கும் கடைசியில் ‘வேறு எந்த ஒரு எழுத்தும்’ என்ற விதி வைத்து, அதில் பிழையைச் சொல்லிவிட்டு ஓர் எழுத்து முன்னேறுங்கள். இடத்தை நீங்களே நகர்த்தும் லெக்சரில் முன்னேற மறந்தால் முடிவில்லாத சுழல்தான். வெற்றுச் சரத்துக்கும் பொருந்தும் `[0-9]*` போன்ற விதியும் அதே சுழலில்தான் தள்ளும்.

சோதனைக்கு இரண்டு வழிகள் போதுமான அளவு பிழைகளைப் பிடிக்கும். இடைவெளி, கமெண்ட் உட்பட எல்லா டோக்கன்களின் மூல உரையையும் வரிசையாக ஒட்டினால் கோப்பு பைட் மாறாமல் திரும்பி வர வேண்டும். அடுத்து, ஒரு மாதிரி நிரலை எடுத்து 1 பைட், 2 பைட், 3 பைட் என்று ஒவ்வொரு நீளத்திலும் வெட்டி லெக்சருக்குக் கொடுங்கள். வெட்டு ஓர் எழுத்தின் நடுவில் விழுந்தாலும், ஒவ்வொரு முறையும் அது பிழை சொல்லியோ சொல்லாமலோ கோப்பு முடிவு டோக்கனைத் தந்து நிற்க வேண்டும்.